மாங்காயும் இலையும்

என் வீட்டுக்காரருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்பதை அவருடைய மணிபர்ஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மதுரையில் ஏதோ பொருட்காட்சியில் வாங்கிய தோல் பர்ஸ் அது. ஒரு பக்கம் மயில் புடைப்பாக அழுத்தியிருக்கும். சட்டைப் பையிலிருந்து அதை எடுத்ததும் கட்டை விரலால் மயிலை ஒரு தடவு தடவி, மேல் கீழ் பார்த்துத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் திறப்பார். "என்ன, மயிலுக்குத் தீனி போடுறீகளா?" என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன். அவரும் சிரித்துவைத்தார்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் வலது கைப்பக்கம் இருந்த தண்ணீர்ச் செம்பை இடது பக்கம் துழாவினார். பட்டப்பகல், வாசல் கதவு திறந்திருந்தது. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வரும், அது பிறவிக் குணம். "எத்தனை நாளா இப்படி?" என்று கத்தினேன். "கொஞ்ச நாளாத்தான்" என்றார். அது பொய். மூன்று வருஷமாக என்னிடம் மறைத்திருக்கிறார்.

மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்குள் இருக்கிற நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, மருந்து கிடையாது, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து நடுவில் முடியும் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னலைப் பார்த்து அழுதேன். அவர் பந்தோபஸ்தாக டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "அண்ணாச்சிக்குத் தெரிய வேண்டாம்."

அண்ணாச்சி என்று அவர் சொன்னது அவருடைய கூடப்பிறந்த அண்ணனை. என் மாமனார் அருப்புக்கோட்டையில் இரண்டு ஜவுளிக்கடை வைத்துவிட்டுப் போனார். பெரிய கடை அண்ணனுக்கு, தெருவுக்குள் இருக்கிற சின்னக் கடை எங்களுக்கு. அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் ஒருவருக்கு முடியவில்லை என்று தெரிந்தால் உடனே அவரை உட்காரவைத்துச் சோறு போட்டுவிடுவார். அவர் மனசில் அதுதான் பாசம். கண் தெரியவில்லை என்று தெரிந்தால் மறுநாளே கடைச் சாவியை வாங்கிக்கொண்டு, மாசா மாசம் அரிசி பருப்பு இறக்கிவிட்டுப் போய்விடுவார். என் வீட்டுக்காரருக்கு அப்போது முப்பத்தெட்டு வயசு. பதினாறு வயசிலிருந்து அந்தக் கடையில் உட்கார்ந்தவர். கடை இல்லாமல் அவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவராலும் முடியவில்லை. எங்களுக்கு இருந்த ஒரே பயம் அந்தச் சாவிதான்.

கடையில் பெரும்பாலும் உள்ளூர்த் தறிச் சேலைகள். நூலைத் தொட்டால் அறுபதாம் நம்பரா எண்பதாம் நம்பரா என்று சொல்வார். கைத்தறியா பவர்லூமா, கஞ்சி அரிசியா மைதாவா எல்லாம் விரல் சொல்லிவிடும். ஆனால் விரலுக்கு நிறம் தெரியாது. ஒரே தறியில் ஒரே நூலில் நெய்த சிவப்பும் பச்சையும் வெள்ளையும் அவர் கைக்கு ஒரே சேலைதான். இடத்தை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். லோடு வந்து அடுக்கு மாறினால் அன்றைக்கெல்லாம் தடுமாற்றம்தான்.

அடுக்குகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கி, ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் விரலுக்குத் தெரிகிற மாதிரி ஓர் அடையாளம் வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அட்டையை வெட்டி ஒட்டினேன், பத்து நாளில் தேய்ந்தது. நூலை முடிச்சுப் போட்டுக் கட்டினேன். "இது என்ன, செய்வினையா?" என்று ஒரு அம்மா கேட்டுவிட்டுப் போனாள். மெழுகு சித்திரை வெயிலில் வழிந்தது. யார் கண்ணுக்கும் அடையாளமாகத் தெரியக் கூடாது, அவர் கைக்கு மட்டும் தெரிய வேண்டும். அலங்காரம் மாதிரி இருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அப்போதுதான் அந்த மணிபர்ஸ் மயில் ஞாபகம் வந்தது.

சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. "முகூர்த்தச் சேலைக்குப் பக்கத்துல செருப்புத் தோலையா தொங்கவிடச் சொல்ற?" என்றார். கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்து சேலை எடுக்கிற ஊர். அவர் கேட்டது நியாயம்தான். எனக்கும் உள்ளுக்குள் கூச்சம் இருந்தது, இல்லை என்று சொன்னால் அது பொய். "பர்ஸை மட்டும் நெஞ்சுக்கிட்ட வச்சுக்கலாமா?" என்று கேட்டேன். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செருப்புத் தைக்கிறவர் ஒருவர் இருந்தார், என் வயசுதான் இருக்கும். அவரிடம் போய் நாலடி தள்ளி நின்றுகொண்டு, பூ வேலை செய்கிற தோல் கிடைக்குமா என்று கேட்டேன். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. நான் தள்ளி நின்றதை அவர் கவனித்தார். கவனித்ததையும் காட்டிக்கொள்ளாமல் ஒரு துண்டை என் காலடிப் பக்கம் கீழே வைத்தார். கையில் கொடுக்கவில்லை. அதில் இருந்த மரியாதையும் அதில் இருந்த அடியும் எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. "மரப்பட்டையில பதம் பண்ணுன மாட்டுத்தோலு. இதுலதான் அச்சு நிக்கும். நனைச்சுட்டுப் பண்ணுங்க" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மிச்சம் எல்லாம் நானாகக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது.

நனைக்க வேண்டும் என்றாரே என்று முதல் துண்டை ஒரு ராத்திரி பூராவும் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் அது நீச்சத் தண்ணியில் ஊறின பழைய சோறு மாதிரி கொழகொழத்துக் கிடந்தது. எதை அழுத்தினாலும் உடனே மூடிக்கொண்டது. ஆத்திரத்தில் வெயிலில் போட்டேன். மத்தியானம் அப்பளமாகச் சுருண்டு வெடித்திருந்தது. இரண்டாவது துண்டை லேசாக நனைத்து, ஆணியின் நுனியைத் தட்டையாகத் தட்டி வைத்துக்கொண்டு ஒரு தாமரை போட்டேன். நன்றாகவே வந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் ஆணி பட்ட இடமெல்லாம் நீலக் கறுப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது, மற்ற இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

உப்பு எங்கிருந்து வந்தது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிணற்றுத் தண்ணீர் எல்லாம் உப்பு. நல்ல தண்ணீருக்குக் குழாயடியில் குடத்தை வரிசை வைத்து நிற்கிற வீட்டில், தோலை நனைக்க ஒரு டம்ளர் குடிதண்ணீரை எடுத்தபோது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். கறுப்புக்குக் காரணம் தெரியாமல் மறுபடி செருப்புத் தைக்கிறவரிடம் போனேன். "இரும்பு பட்டா கறுக்கும். பித்தளை வச்சுப் பண்ணுங்க. கறுத்த எடத்துல எலுமிச்சம்பழம் தேச்சுப் பாருங்க" என்றார். இந்தத் தடவை நாலடி தள்ளி நிற்கவில்லை, துண்டை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டேன். அதற்காக என்னை மெச்சிக்கொள்ள ஒன்றுமில்லை, முதல் தடவையே செய்திருக்க வேண்டியது.

என் கல்யாணச் சீரில் வந்த பித்தளைக் கரண்டி ஒன்றின் காம்பை அறுத்துத் தேய்த்து நாலு விதமான முனை செய்துகொண்டேன். பழைய கொம்புச் சீப்பின் முதுகு, தோலின் ஓரத்தை இழைக்க உதவியது. தோலை நனைத்துத் துணியில் சுற்றி வைத்து, மேல் நிறம் மறுபடி வெளுக்க ஆரம்பிக்கும்போது எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். கன்னத்துக்குக் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் தெரியக் கூடாது. அதுதான் பதம். கோட்டைப் பிளேடால் மேலாகக் கீறி, கோட்டுக்கு வெளியே தட்டித் தாழ்த்தி, பிறகு திருப்பிப் போட்டுப் பின்பக்கமிருந்து உருவத்தை மெல்ல மெல்லத் தள்ளி எழுப்ப வேண்டும். இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகிறது. கை அதைப் புரிந்துகொள்ள ஏழெட்டு மாசம் ஆனது.

முதலில் உருப்படியாக வந்தது ஒரு மயில். தோகையில் நாற்பது கண் வைத்திருந்தேன். நானே கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன், தோகை, கழுத்து, கொண்டை எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பெருமையாக அவர் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் தடவிவிட்டு, "ஏதோ சொறி புடிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அதைத் தூக்கி அடுப்படிப் பக்கம் எறிந்துவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. நான் கண்ணை மூடித் தடவியதில் அர்த்தமே இல்லை. அது மயில் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். என் விரல் தோலைப் படிக்கவில்லை, என் மனசைப் படித்தது. கண்ணுக்கு எது அழகோ அது விரலுக்கு வெறும் இரைச்சல் என்பது எனக்கு அப்படித்தான் புரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு உருவத்திலும் இருப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தேன். மீனுக்குச் செதில் வேண்டாம், வால் பிளவு போதும். கிளிக்கு மூக்கு போதும். தாமரைக்கு மூன்று இதழ். எழுப்பிய இடம் விரல் அழுத்தத்தில் அமுங்காமல் இருக்க, தோலைச் சீவின தூளை, தச்சர்கள் மரம் ஒட்டக் காய்ச்சுகிற வஜ்ரப் பசையில் குழைத்துப் பின்பக்கக் குழியில் அடைத்து மூன்று நாள் நிழலில் காயவிட்டேன். காய்ந்தால் மரக்கட்டை மாதிரி இறுகிவிடும்.

ஒவ்வொன்றையும் ஒரு சின்னப் பலகையில் ஒட்டி, சாயப்பட்டறையிலிருந்து வாங்கிய சிவப்புச் சாயம் பூசி எண்ணெய் தேய்த்தேன். மீன் நீலத்துக்கு, கிளி பச்சைக்கு, தாமரை ரோஸுக்கு. கல்யாணத்துக்கு எடுக்கிற அரக்குச் சிவப்புக்கு மாங்காய், நடுவில் மூன்று முத்துப் புடைப்போடு. கீழ் மூலைத் தட்டில் ஒரு அடுக்கு வெள்ளைச் சேலை இருந்தது, அதற்கு ஒற்றை இலை. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போகிற கோடிச் சேலை அது. எந்த ஜவுளிக்கடையும் அதை வைக்காமல் இருக்க முடியாது, எந்த ஜவுளிக்கடைக்காரரும் அதைப் பார்வைக்கு வைக்க மாட்டார்.

பலகைகளைத் தட்டு விளிம்பில் ஆணி அடித்து மாட்டினோம். மூன்றே நாளில் அவர் கை அவற்றைப் பழகிக்கொண்டது. "பச்சையில பத்து உருப்படி காட்டுங்க" என்றால் பேசிக்கொண்டே பின்னால் கையை விட்டு, விளிம்பை ஒரு தடவு தடவி, பச்சையை உருவி விரிப்பார். பந்தல்குடியிலிருந்து வருகிற வாடிக்கைக்காரர் ஒருவர், "தேக்குல செதுக்குனதா மொதலாளி?" என்று கேட்டார். "ஆமா" என்றார் இவர் கூசாமல். ஆக, கடையில் இரண்டு ரகசியம் சேர்ந்துபோனது. ஒன்று அவர் கண், இன்னொன்று என் தோல். மத்தியானச் சோறு கொண்டுபோகிற சாக்கில் நானும் கடையின் பின்னறையில் சாயங்காலம் வரை இருந்துகொள்வேன். இரண்டு வருஷம் அப்படி ஓடியது. அதற்குள் அவருக்கு வெளிச்சமும் நிழலும் தவிர எல்லாம் போய்விட்டது. அவர் அதைச் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

மூன்றாவது வருஷம் பொங்கலுக்குக் கடைக்கு வெள்ளையடித்தோம். தட்டுகளைக் கழற்றினபோது கீழ் மூலையில் கரையான் ஏறியிருந்தது தெரிந்தது. வெள்ளைச் சேலை அடுக்கைத் தற்காலிகமாக மேலே மாற்றினேன். அது அரக்குச் சிவப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "பலகையையும் மாத்தி அடிச்சுருக்கேன், கையால பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். அதோடு இன்னொன்றும் நடந்தது. மாங்காய்ப் பலகையில் சுண்ணாம்பு கொட்டி, தோல் வெந்து வெடித்துவிட்டது.

தை பிறந்தால் கல்யாணக் கூட்டம். இருக்கிற பலகைகளிலேயே அதிகம் கை படுவது மாங்காய்தான். அவசரமாகப் புதிதாக ஒன்று போட்டேன். என் கையிலிருந்து வந்தவற்றிலேயே அழகானது அதுதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் பின்னால் அடைக்க வஜ்ரம் தீர்ந்திருந்தது. வாங்கிக் காய்ச்சி அடைத்து மூன்று நாள் காயவைக்கப் பொறுமையில்லை. எங்கள் ஊரில் எந்த வீட்டுத் திண்டைப் பிரித்தாலும் தறிக் கழிவு நூல்தான் இருக்கும். தலையணைக்கு அதுதான், அடுப்புத் துணிக்கு அதுதான், வண்டி துடைக்க அதுதான். கையெட்டுகிற தூரத்தில் ஒரு பந்து கிடந்தது. அதைத் திணித்து, மேலே பேப்பர் ஒட்டி, பலகையில் அறைந்துவிட்டேன். மாங்காய் திமிறிக்கொண்டு நின்றது. விரல் பட்டுப் பட்டு நூல் அமுங்கும் என்பது ஜவுளிக்கடைக்காரன் பொண்டாட்டிக்குத் தெரியாதா? தெரியும். கூட்டம் முடியட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, நரிக்குடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குடும்பம் கல்யாணச் சேலை எடுக்க வந்தது. அப்பா, அம்மா, கல்யாணப் பெண். அன்றைக்குக் காலையிலேயே கடைக்கு வந்துவிட்ட நான் பின்னறையில் இருந்தேன். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு, மாமனார் காலத்திலிருந்து. கல்யாணத்துக்கு எடுக்க வந்தால், முதல் சேலையை முதலாளியே எடுத்து விரித்துப் பெண்ணின் மடியில் வைப்பார். அப்புறம்தான் மற்றதெல்லாம் காட்டுவது. அதற்காகவே எங்கள் கடையைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அவர் கையலம்பிவிட்டு அடுக்குப் பக்கம் போவது திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. "நல்லாயிரு தாயி" என்று சொன்னதும் கேட்டது.

அதற்குப் பிறகு பக்கத்துத் தெருத் தறிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் திரையை விலக்கினேன். அந்தப் பெண்ணின் மடியில் வெள்ளைச் சேலை விரிந்து கிடந்தது. அவள் அதைத் தொடாமல் இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் அவள் முன்னால் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"யோவ், என்ன காரியம்யா பண்ணுன?" என்றார் பெண்ணின் அப்பா. குரல் உடைந்திருந்தது. "என் மக மடியில கோடியக் கொண்டாந்து வைக்கிற."

அவர் முகத்தில் சிரிப்பு போகச் சற்று நேரமானது. திரும்பிப் போய்த் தட்டு விளிம்பைத் தொட்டார். மாங்காயைத் தொட்டார். பக்கத்தில் இலையைத் தொட்டார். மறுபடி மாங்காய். நான் அங்கிருந்தே பார்த்தேன், எனக்கு விளங்கிவிட்டது. முத்தெல்லாம் அமுங்கி மாங்காய் இலையாகியிருந்தது. கெட்டியாக அடைத்த பழைய இலை அதைவிட மேடாக நின்றது. நான் ஓடிப்போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். அடுக்கை நான்தான் மாற்றினேன் என்று ஒரு வார்த்தை. என் வாய் திறக்கவில்லை.

அவர் திரும்பி அவர்களைப் பார்த்து நின்றார். "ஐயா, எனக்குக் கண்ணு தெரியாது" என்றார். "ரெண்டு கண்ணும் தெரியாது. ரொம்ப நாளாச்சு. ஊருக்குச் சொல்லாம மறைச்சுட்டேன். வேணும்னு வைக்கல. இதுல ஒரு கேடு இருந்தா அது என் தலையில விடியட்டும், பிள்ளைக்கு ஒண்ணும் வராது."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் நானே முதல் தடவையாகக் கேட்டேன். சொல்லிவிட்டு, சேலையை எடுத்துவிடக் குனிந்து கையை நீட்டினார். கை அந்தப் பெண்ணுக்கு ஒரு முழம் தள்ளிக் காற்றில் தேடியது. பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பெண்தான் வெள்ளைச் சேலையின் நுனியை எடுத்து, அவர் கையைப் பிடித்து, விரலுக்குள் வைத்தாள். அவளுக்கு இருபது வயசுகூட இருக்காது. அவர் அதை மெதுவாக மடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் ஒன்றும் எடுக்காமல் போய்விட்டார்கள். அந்தப் பெண் பிறகு எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்க எனக்கு இன்றுவரை துணிச்சல் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் பலகையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மூன்று வருஷம் என்னிடம் மறைத்ததற்கு நான் போட்ட கூச்சல் என்ன, இப்போது வாயை மூடிக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பது என்ன என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சேதி பெரிய கடைக்கு அன்றைக்கே போய்விட்டது. மறுநாள் காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஏம்ப்பா, கூடப்பிறந்தவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? ஏலாம எதுக்கு இங்க கெடந்து அல்லாடுற? வீட்ல இரு. நான் பாத்துக்கிறேன்" என்றார். என் வீட்டுக்காரர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, அண்ணன் குரல் வந்த திசையில் நீட்டினார்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. "அத்தான், இவுக தப்புப் பண்ணல. நான் பண்ணுனேன்" என்று அண்ணனிடம் சொன்னேன். மாங்காயையும் இலையையும் கழற்றிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். "கண்ண மூடிக்கிட்டுத் தொட்டுப் பாருங்க."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். ஆனாலும் மூடிக்கொண்டு தொட்டார். "ரெண்டும் ஒண்ணுதான" என்றார். மீனையும் கிளியையும் கொண்டுவந்து வைத்தேன். மூடிய கண்ணோடு தடவியவர், "இது மீனு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இது கிளி மூக்கு" என்றார். "அது நல்லாப் பண்ணுனது. இது நான் கழிவு நூல அடச்சு ஏமாத்துனது. வெள்ளையக் கொண்டுபோய்ச் செவப்புக்குப் பக்கத்துல வச்சதும் நான்தான். இவுக கை ஒருநாளும் தப்பாது. அதோட இன்னொண்ணும் சொல்லிருறேன், இது மரமில்ல, தோலு" என்றேன். தோல் என்றதும் அவர் கை சட்டென்று பின்னால் போனது. பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி நீண்டு மீனின் வாலைத் தொட்டது.

என் வீட்டுக்காரர் இன்னும் சாவியை நீட்டிக்கொண்டேதான் நின்றார். அண்ணன் அதை வாங்கவில்லை. "இன்னைக்கு நாளு நல்லால்ல. வச்சுக்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் அந்தச் சாவியைக் கேட்கவே இல்லை.

அவர் தெரு முனை தாண்டும்வரை இருந்துவிட்டு, "மாங்கா அமுங்குனது ஒங்க கைக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"நாலஞ்சு நாளாவே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் வெள்ளைச் சேலை அடுக்கை ஒழுங்கு செய்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டிருந்தார். "ஒன் வேலையில கொறை சொன்னா, எதுக்கு இந்தப் பாடு, நானே நின்னு நெறம் சொல்லிட்டுப் போறேன்னுருவ. அப்புறம் இங்க நான் எதுக்கு?" என்றார்.

அதை என்னால் மறுக்க முடியாது. வெள்ளையடித்த அன்றைக்கே, வஜ்ரம் இல்லை என்று தெரிந்தபோதே, அந்த நினைப்பு எனக்கு வந்திருந்தது. நான் ஒருத்தி பக்கத்தில் நின்று சிவப்பு, பச்சை என்று வாயால் சொன்னால் முடிகிற வேலைக்கு இத்தனை நாள் தோலைத் தட்டுவானேன் என்று அலுத்துக்கொண்டுதான் அந்த நூலை உள்ளே திணித்தேன். அண்ணன் சாவியைக் கேட்பதற்கு முன்னாலேயே நான் மனசுக்குள் அதை வாங்கிவிட்டிருந்தேன். அதை அவர் விரல் கண்டுபிடித்திருக்கிறது. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் "ம்" என்றார்.

அந்த வாரமே புது மாங்காய் போட்டேன். வஜ்ரம் காய்ச்சி, அடைத்து, மூன்று நாள் நிழலில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கடையில் வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரிலேயே அவர் அதை வாங்கித் தடவிவிட்டு, "முத்து மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது. வேற பண்ணு" என்றார். இத்தனை வருஷத்தில் சொறி மயிலுக்குப் பிறகு அவர் என் வேலையைக் குறை சொன்னது அன்றைக்குத்தான். எனக்குச் சுருக்கென்றது. இரண்டாவது போட்டேன், காம்பு தெரியவில்லை என்றார். மூன்றாவதை, "இது கத்திரிக்கா" என்று திருப்பிக் கொடுத்தார். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். நாலாவதை ரொம்ப நேரம் வைத்திருந்தார். கட்டை விரலால் நடுவில் ஓங்கி அழுத்திப் பார்த்தார். எழுந்து, தட்டு விளிம்பை அளந்து, பலகையைச் சரியான இடத்தில் பிடித்துக்கொண்டு, "ஆணியக் குடு" என்று கையை நீட்டினார்.